சித்தி நடித்த பிஸ்கட் விளம்பரம்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் சித்தி ஒரு மாதம் தொலைக்காட்சியில் வந்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. ஆங் மோ கியோ வட்டாரத்தில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி புளோக் ஒன்றின் ஏழாவது மாடியில் குடியிருந்தோம். அம்மாவின் ஒரே தங்கை அவள். தாய் தகப்பன் போய்விட்டதால் எங்களோடு இருந்துகொண்டு, பூன் லே பக்கம் ரேடியோ செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் சேலை எடுக்கப் போன இடத்தில், விளம்பரக் கம்பெனிக்காரர் ஒருவர் பிஸ்கட் விளம்பரத்தில் நடிக்க வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். சித்தி அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டாள்.

அந்த விளம்பரத்தை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழியிலும் எடுத்தார்கள். அடுக்களை ஒன்றுதான், மேசை ஒன்றுதான், சுவர்க்கடிகாரமும் ஒன்றுதான். அம்மாவும் பிள்ளையும் மட்டும் மொழிக்கு மொழி மாறுவார்கள். தமிழுக்கு எங்கள் சித்தி. அது மாலையில் தமிழ்ச் செய்திக்குச் சற்று முன்னால் மட்டும் வரும்.

அம்மா வேடம் என்றால் கழுத்தில் தாலி வேண்டுமே. அதைக் கேள்விப்பட்ட அன்று வீடு இரண்டுபட்டது.

“கல்யாணம் ஆகாத பொண்ணு, தாலியோட ஊருக்கே காட்சி குடுத்துட்டு வந்திருக்கா. இனி எவன் வந்து பொண்ணு கேப்பான்?” என்று அம்மா கத்தினாள்.

“ஷூட்டிங் முடிஞ்சதும் கழட்டி வாங்கிட்டாங்க, அக்கா. வெறும் தகரம் அது,” என்றாள் சித்தி.

கழற்றினாள் என்று கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அன்றிலிருந்து செய்தி நேரம் நெருங்கினால் அம்மா எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்துவிடுவாள். செய்தி தொடங்கியிருக்கும் என்று கணக்குப் பண்ணி மறுபடி போடுவாள். அப்பா மட்டும் கீழே காப்பிக் கடையில் நின்று விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் அறியாதவர்போல் சட்டையைக் கழற்றி மாட்டுவார். அம்மாவும் சித்தியும் சோறு வேண்டுமா, வேண்டாமா என்ற அளவில்தான் பேசிக்கொண்டார்கள்.

விளம்பரம் வந்த மூன்றாவது வாரத் தொடக்கத்தில் சித்திக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இருபத்திரண்டு வயது.

துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தொலைக்காட்சி போடக்கூடாது. அப்பா அதன்மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடிவிட்டார். மாலையானால் வீட்டில் இருக்க முடியாது. நான் நைசாக அடுத்த வீட்டு மக்சிக்கிடம் போய்விடுவேன். அந்த மலாய்க்காரம்மா எனக்குத் தட்டில் பலகாரம் வைத்துக்கொடுத்து, தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். அங்கேதான், பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, முதன்முதலாக அந்த விளம்பரத்தைப் பார்த்தேன்.

சித்தி பிஸ்கட் தட்டை மேசையில் வைத்தாள். யாரோ ஒரு பையனின் தலையைத் தடவி, “இன்னும் ஒன்று வேண்டுமா, கண்ணா?” என்றாள். எழுதிக்கொடுத்த தமிழ்தான். ஆனால் ‘கண்ணா’வுக்கு வரும்போது சிரிப்பை அடக்க முடியாமல் குரல் சற்று வழுக்கியது. வீட்டிலும் அப்படித்தான் பேசுவாள்.

மக்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவைப் போய்க் கூட்டிவா, நாளைக்கும் வரும், வந்து பார்க்கட்டும் என்று மலாயில் சொன்னார். நான் வெளியே வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே அம்மா சுவரோரம் படுத்திருந்தாள். துக்கத்தில் டிவி பார்த்தேன் என்று தெரிந்தால் அடி விழும். அது போக, அம்மா வந்தால் மக்சிக் வீட்டு டிவியையும் அணைத்துவிடுவாள் என்று பட்டது. சித்தி வரும்போதெல்லாம் அணைத்தவள்தானே. திரும்பிப் போய், அம்மா வரமாட்டாளாம் என்று சொன்னேன். அப்புறம் மூன்று நாள் நான் மட்டும் பார்த்தேன்.

காரியம் முடிந்த அன்று மாலை அம்மாவே வேட்டியை எடுத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். தமிழ்ச் செய்திக்கு முன்னால் ஏதோ சோப்பு விளம்பரம் வந்தது. மறுநாளும் சோப்புதான். மற்ற மூன்று மொழிகளிலும் பிஸ்கட் வந்துகொண்டிருந்தது, தமிழில் மட்டும் நின்றுபோயிருந்தது. அம்மா சீனச் செய்தி, மலாய்ச் செய்தி எல்லாவற்றின் முன்னாலும் உட்கார்ந்தாள். சீன அம்மா வந்து தட்டை வைப்பாள். “இந்த மேசதானே?” என்று அப்பாவிடம் கேட்பாள் அம்மா. “இங்கதானே நின்னா?” அப்பா ஆமாம் என்பார். எப்படிச் சொன்னாள், எப்படி இருந்தாள் என்று குடைந்தால், “நல்லாத்தான் இருந்தா,” என்பதற்குமேல் அவருக்குச் சொல்ல வராது.

ஒரு நாள் அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவையும் என்னையும் அந்தக் கம்பெனிக்கு அழைத்துப்போனார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். தமிழ் விளம்பரத்துக்கு ஒரு மாதம்தான் பேச்சு, பிலிமை வெளியூர் அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று, அவர்கள் இதையெல்லாம் வைத்திருப்பதில்லை என்றார். எங்கள் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். சித்தி பேச வேண்டிய அந்த ஒரே வரியை ஆங்கில எழுத்தில் டைப் அடித்திருந்தார்கள்.

அப்பா நேராக வேலைக்குப் போய்விட்டார். பஸ் நிறுத்தத்தில் அம்மா தாளை என்னிடம் நீட்டினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாய் தன்னால் சித்தியைப் போலச் சொல்லிவிட்டது. ‘கண்ணா’வில் அந்தச் சிரிப்பும் வந்துவிட்டது.

அம்மா சட்டென்று என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். “நீ பாத்தியா?”

“இல்லம்மா.”

“பாத்தா பாத்தேன்னு சொல்லு.”

“இல்லம்மா.”

தாடையிலிருந்து கையை எடுத்தாள். “சரி, இன்னொரு தடவ படி. இப்பப் படிச்ச மாதிரியே படி.”

மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக, உயிரில்லாமல் படித்தேன். அம்மா மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்றாம் முறையும் அப்படியே படித்தேன். அம்மா தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு என்னைக் கேட்கவேயில்லை. அடியிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று நான் நிம்மதியாக பஸ் ஏறினேன். அவள் கேட்டது என் பொய்யைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல, தங்கையின் குரலை ஒரு தடவையாவது கேட்பதற்காக என்பது எனக்கு அன்று தெரியவில்லை.