புளி போட்டு மினுக்கிய கோதுகள்

எறிக் வீட்டிலேயே துப்பாக்கி ரவை நிரப்பச் சாமான் வாங்கியபோது கூடப் போனவன் நான். நடந்ததில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எறிக் மன்னார்க்காரன். வயது ஐம்பத்துமூன்று. நாங்கள் குடியேறிய டான்டினோங்கில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்யும் வெள்ளைக்காரன் ஒருநாள் துப்பாக்கிக் கிளப்புக்கு அழைத்துப் போனான். ஐந்நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் கடதாசியைச் சுடுவதில் எறிக்குக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. லைசென்ஸ் எடுத்தான். துப்பாக்கியைச் சட்டப்படி அந்த நண்பனின் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்தான். எல்லாம் ஒழுங்கு. மனைவி யசிந்தாவுக்கு மட்டும் சொல்லவில்லை.

யசிந்தாவின் அண்ணன் கொட்பிறியைத் தொண்ணூறாம் ஆண்டு கடற்கரையில் சுட்டுப் போட்டார்கள். பட்டாசு வெடித்தாலே அவள் கதவைச் சாத்துவாள். அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? சனிக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வரும் வழியில் சந்தையில் மீன் வாங்கி வந்தான். மன்னார்ப் பெண்ணுக்கு ஐஸ் மீன் தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். ஆனாலும் அவள் அந்த மீனையே வெட்டிக் குழம்பு வைத்தாள். அவள் சிரித்தபடி தேத்தண்ணி நீட்டும்போது தான் ஒரு கள்ளன் போல இருக்கும் என்று என்னிடம் சொல்லுவான். நானும் "சொல்லிப் போடடா" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கிளப்பில் பலர் தங்கள் ரவையைத் தாங்களே நிரப்பினார்கள். ஒவ்வொரு வெடியும் ஒரே அளவாக இருக்குமாம். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார்: சுட்ட ரவையின் வெறும் பித்தளைக் கோதைப் பழைய அளவுக்கு அழுத்தும் பிரஸ், அதில் பூட்டும் அச்சு, வெடிமருந்து நிறுக்கும் சின்னத் தராசு, அளவுகள் அடங்கிய தடித்த புத்தகம். தராசில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்றார். எறிக் அதை மூன்று தரம் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்தான். கடைசியாகக் கோதுகளைக் கழுவி மினுக்கும் மெஷினைக் காட்டினார். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"உது என்னத்துக்கடா? பித்தளைதானே. எங்கட வீட்டில குத்துவிளக்கை மனிசி புளி போட்டுத்தான் மினுக்கிறவ."

"ஓம் என்ன, நல்ல யோசினை," என்றான் எறிக். மெஷினை விட்டுவிட்டு வந்தோம்.

வெடிமருந்து இன்னும் வாங்கவில்லை. அடுத்த சனி, யசிந்தா கடைக்குப் போன நேரம் பார்த்து, கராஜில் ஒரு வாளியில் அரைக் கட்டிப் புளியைக் கரைத்து கிளப்பில் சுட்டுச் சேர்த்த நாற்பது கோதுகளை ஊறப்போட்டுவிட்டு எறிக் கிளப்புக்குப் போனான். யசிந்தா திரும்பி வந்து குழம்புக்குப் புளி தேடியிருக்கிறாள். குசினியில் இல்லாத புளி கராஜில் மணத்தது.

நாலு மணிக்கு எறிக் மீன் பையோடு வந்தான். குசினி மேசையில் நாற்பது கோதுகளும் துடைத்து வரிசையாக நின்றன. யசிந்தா அவற்றுக்கு முன்னால் கதிரையில் இருந்தாள்.

"அண்ணா கிடந்த இடத்தில இது மாதிரி ஏழு கிடந்தது," என்றாள். "நான்தான் பொறுக்கினனான். அப்ப எனக்குப் பதின்மூண்டு வயசு."

"நான் கடதாசிக்குத்தான் சுடுறனான், யசி. சத்தியமா. ஒரு உயிருக்கும் இல்லை."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம்."

அவள் சிரித்தாளாம். இதை என்னிடம் சொல்லும்போது எறிக் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அவனைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"ரெண்டு வருசமா நீங்கள் ஆரோ ஒரு பொம்பிளையிட்டப் போறீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றாளாம் யசிந்தா. "அது பொய்யா இருக்கவேணுமெண்டு ஒவ்வொரு சனியும் செபமாலை சொன்னனான். இப்ப பார்த்தா, இதைவிட அது உண்மையாவே இருந்திருந்தா நல்லம் போல கிடக்கு."