அரைப் போத்தல் பெலிமல்

காய்ந்த வில்வப்பூவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் முதலில் ஒரு மரவாசம்தான் எழும்பும். மூடிவைத்துக் கொஞ்சநேரம் கழித்துத் திறந்தால், தேன் சிந்திய மாதிரி ஒரு மணம் அடுப்படி முழுக்க நிற்கும். கண்டியில் நாங்கள் அதைச் சிங்களத்தில் "பெலிமல்" என்றுதான் சொல்வோம். நோய் எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று என் மகள் எங்கேயோ வாசித்துவிட்டு வந்ததிலிருந்து, எங்கள் வீட்டில் தினமும் காலையில் அது கொதிக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் முதல் மிடறு எனக்கு ஒருநாளும் லேசாக இறங்கியதில்லை. ஏன் என்று மகளிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கெலிஓயாவில் அப்பாவுக்குப் புடவைக்கடை. நான் படித்தது கண்டி டவுனில். பதினொரு பிள்ளைகளை ஏற்றிப்போன வேன் எங்கள் ஊர் முதலாளி ஒருவருடையது. அதை ஓட்டிய மாரிமுத்து, மஹய்யாவயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து வேனை எடுப்பார். எங்களுக்கு அவர் "வேன் அங்கிள்". வளைவுகளில் வயிற்றைப் புரட்டி எனக்குச் "சத்தி" வந்துவிடும் என்பதால் முன் சீட்டு எனக்கென்றே ஒதுக்கியிருந்தது. அங்கேயிருந்து பார்த்தால், அவருடைய கதவோரம் செருகிவைத்த தட்டையான சாராயப் போத்தல் தெரியும். லேபிளைச் சுரண்டி, நன்றாகக் கழுவிய "அரைப் போத்தல்"; உள்ளே வீட்டில் அவித்த பெலிமல். பிளாஸ்டிக்கில் ஊற்றினால் வாசம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. தினமும் குடித்தால் உடம்புச் சூடு தணியும், சளி அண்டாது என்பார். மழையிலும் பனியிலும் ஒருநாள்கூட அவர் தும்மி நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. "மஹய்யாவ ஆளுங்க கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்கப்படாது" என்பாள் அம்மா. தலைமுறை தலைமுறையாக நகரத்தைக் கூட்டிப் பெருக்கிய குடும்பங்கள் அங்கே அதிகம். ஊரைச் சுத்தமாக வைத்தவர்களை அசுத்தம் என்று ஒதுக்கிவைக்கிற அந்தப் பெரிய நியாயம் எங்கள் வீட்டிலும் குறைவில்லாமல் இருந்தது. அம்மா கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். பசி என்று வாசலில் யார் நின்றாலும் சுடச்சுடச் சோறு போடுகிறவள். தீபாவளிக்கு வேன் அங்கிள் வந்தால் அவருக்கும் தேத்தண்ணி உண்டு. அதற்கான கிளாஸ் மட்டும் பின்பக்கக் குழாயடியில் தனியாகக் கவிழ்ந்திருக்கும்.

அந்த வருஷ மழைக்காலத்தில் எனக்கு ஒரு இருமல் பிடித்தது. வறுத்த கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்டு அவித்து, அம்மா தினமும் பின்னேரம் கிளாஸ் நிறையத் தருவாள். இருமல் அசைவதாக இல்லை. ஒருநாள் காலை, பேராதனைச் சந்தி நெரிசலில் இருமி இருமி மூச்சுமுட்டிப்போக, அவர் வேனை ஓரங்கட்டினார். போத்தல் மூடியில் பெலிமல்லை ஊற்றி நீட்டியவர், நான் கை நீட்டியதும் சட்டென்று நிறுத்தினார்.

"வீட்டுல ஏசமாட்டாங்களா பாப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன். பொய். இளஞ்சூடாக, மூடி மூடியாக ஏழு தடவை குடித்தேன். கடித்துக்கொள்ளத் தாளில் மடித்துவைத்திருந்த கித்துள் கருப்பட்டியும் கொடுத்தார். மறுநாள் நானே கை நீட்டினேன். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. இரண்டு கிழமையில் இருமல் போயிற்று. "பாத்தீங்களா, கொத்தமல்லிக்கு மிஞ்சின மருந்து இல்ல" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எது சுகமாக்கியது என்று இன்றும் எனக்குத் தெரியாது. இருமல் தானாகவே போயிருக்கவும் கூடும்.

பிறகுதான் அது நடந்தது. பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு அவர் போத்தலை அண்ணாந்து குடித்ததை ஒரு பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார். "பச்சப் புள்ளைகள ஏத்திக்கிட்டுக் குடிச்சிட்டு ஓட்டுறான்" என்று பேச்சு பரவியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன் ஹோலில் நாலு வீட்டுப் பெற்றோரும் வேன் முதலாளியும் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டனுப்பியபடி வந்த மாரிமுத்து படிக்கு வெளியே நின்றார். போத்தலையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"பெலிமல்ங்க ஐயா. வேணும்னா மோந்து பாருங்க."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நிறம் அச்சு அசல் சாராயத்தின் நிறம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு எட்டு எடுத்துவைத்து ஒருதடவை முகர்ந்தால் முடிந்துபோகிற வழக்கு அது. பிள்ளைகளின் உயிர் என்று அவ்வளவு நேரம் கொதித்தவர்களில் ஒருவர்கூட அந்தப் போத்தலைக் கையில் வாங்கவில்லை.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீதானே முன் சீட்டுல இருக்கிற. அது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் பெலிமல் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும்; அறைவாசலில் அம்மா நிற்கிறாள்.

"தெரியாதுப்பா" என்றேன்.

மாரிமுத்து என்னைப் பார்த்தார். "பாப்பாவே குடிச்சிருக்கு, கேளுங்க" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"புள்ளைக்கு எப்படிங்க தெரியும்" என்றார். போத்தலைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எல்லோரும் போனபிறகு அம்மா ஒரு பழைய பேப்பரால் போத்தலைப் பிடித்து எடுத்து, செவ்வரத்தை மரத்தடியில் கவிழ்த்தாள். ஹோலில் இருந்த எனக்கே அந்தத் தேன் வாசம் வந்தது. வெறும் போத்தலோடு அம்மா அங்கேயே கொஞ்சநேரம் நின்றாள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு மரக்கறி வெட்டப் போனாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திங்கட்கிழமை வேறு டிரைவர் வந்தார். நான் பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை பயந்துதானே போகும் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். பத்தொன்பதில் யார் என் வாயைப் பொத்தினார்கள்? இருபத்தொன்பதில்? வெட்கமாக இருக்கிறது, வேறு என்ன சொல்ல?

போன வருஷம்தான் மஹய்யாவக்குப் போனேன், விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். எழுபது தாண்டியும் அவர் என்னைக் கண்டுகொண்டார். "கெலிஓயா புடவைக்கடைப் பாப்பாவா?" என்று எழும்பி, இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டார். குடிகாரன் என்ற பெயரோடு யாரும் அதற்குப் பிறகு வேன் கொடுக்கவில்லையாம். மார்க்கெட்டில் மூட்டை தூக்கித்தான் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்.

"அங்கிள், அன்னைக்கு எனக்குத் தெரியும். பயத்துல சொல்லல்ல. என்ன மன்னிச்சிருங்க."

"சின்னப் புள்ளதானே பாப்பா. விடுங்க" என்றவர், அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா போய் மூன்று வருஷமாகிறது, கடையை விற்றாயிற்று, அந்த வேன் முதலாளியும் ஊரில் இல்லை என்று சொன்னேன். பிறகு, வாய்விட்டே கேட்டேன்: "பெலிமல் இருந்தா ஒரு வாய் குடுங்க அங்கிள்."

சிரித்தார். "அத விட்டு எவ்வளவோ காலம் பாப்பா. போத்தலத் தூக்குனாலே எல்லாரும் பாக்குற மாதிரி இருந்திச்சு."

அதற்குள், எப்போது வெளியே போனாரோ, அவருடைய மனைவி கடையிலிருந்து ஒரு சோடாப் போத்தலோடு வந்தார். என் முன்னால் வைத்து, முந்தானையால் துடைத்தார்.

"மூடி தெறக்காததுதான் பாப்பா" என்றார் வேன் அங்கிள். "ஒங்க கண்ணு முன்னாலயே தெறக்கிறோம். தைரியமா குடிங்க."

நான் குடித்து முடிக்கும்வரை இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.