முப்பத்தாறு டஜன் வாட்

பட்டன்காரம்மா ஒரு காலத்தில் நாற்பது டஜன் சட்டைப் பட்டனுக்குக் கடன்பட்டிருந்தார். அதை அடைத்து முப்பது வருஷம் ஆகிறது. கடன் போய்விட்டது, டஜன் மட்டும் போகவில்லை. இப்போதும் கம்ப்யூட்டருக்கான பவர் சப்ளைப் பெட்டி ஒன்று கைக்கு வந்தால், முதலில் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி எடை பார்ப்பார். பிறகு திருப்பி, ஒட்டியிருக்கும் காகிதத்தில் பன்னிரண்டு வோல்ட் என்ற கட்டத்தை நகத்தால் தேடுவார். அதன் கீழே எத்தனை ஆம்ப் போட்டிருக்கிறதோ, அத்தனை டஜன் வாட்.

"பதினாறு ஆம்ப். பதினாறு டஜன், நூத்தித் தொண்ணூத்திரெண்டு. மேல கொட்டை எழுத்துல என்ன போட்டிருக்கான்? அறுநூறு வாட்! வாங்குறவனைப் போட்டு வாட்டுறதுக்குன்னே வச்ச பேரு!"

பெட்டி வந்த வழியே திரும்பிப் போகும்.

நாலாம் வகுப்பைப் பாதியில் விட்டவர் அவர். வாய்ப்பாட்டுப் புத்தகம் கைக்கு வருவதற்குள் பட்டன் அட்டை வந்துவிட்டது. அட்டைக்குப் பன்னிரண்டு. தையல்கடைகளுக்குப் பட்டன் போடப் போன இடத்தில் மிஷின் மோட்டாரைக் கழற்றிப் பார்த்து, மோட்டாரிலிருந்து ரேடியோவுக்கும் ரேடியோவிலிருந்து கம்ப்யூட்டருக்கும் வந்து சேர்ந்தார். யாரும் கையைப் பிடித்துக் கூட்டி வரவில்லை. பட்டம் வாங்கியவர்கள் செல்போனில் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் விடையைச் சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போயிருப்பார்.

கடை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டிய அகலம். பழைய பட்டன் டப்பாக்களில் திருகாணிகள். பின்சுவரில் செத்துப்போன பவர் சப்ளைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "இது வெயில்ல போனது," என்பார். இன்னொன்றை முகர்ந்து, "இது பொய் சொல்லிப் போனது." கல்லாவுக்கு மேல் ஒரு பலகை: 'இங்கே வாங்கியது திரும்பி வராது.' மற்ற கடைகளில் அது எச்சரிக்கை. இங்கே அது பெருமை. பத்தொன்பது வருஷத்தில் விற்ற பொருளுக்கு ஒரு தாள்கூட அவர் திருப்பிக் கொடுத்ததில்லை.

புதிதாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான். "வீட்டுக்குப் புதுசா ஒரு பீமன் வந்து உக்காரப்போறான். படியளக்குறவன் கையில என்ன இருக்குன்னு மொதல்ல பாக்க வேணாமா?" பவர் சப்ளைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் படியளக்குறவன். கார்டு தின்பது, பிராசசர் தின்பது, மற்ற சில்லறைகள் தின்பது எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் கால்வாசி காலியாக இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

அந்தச் சட்டத்தின்படிதான் திங்கட்கிழமை தன் சம்பந்திக்கும் ஒரு பெட்டியைக் கொடுத்தார். சம்பந்தி என்றால் மகளின் மாமனார். அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றதும் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டில் இறங்கிவிட்டார். மனைவி தலையில் அடித்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை, மேகத்தில் இருந்தார்.

வியாழக்கிழமை காலை, சக்கரம் வைத்த பையில் கம்ப்யூட்டரை உருட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார்.

"வாங்க சம்பந்தி! விமானம் நல்லாப் பறக்குதா?"

"பறக்குது. எறங்கத்தான் மாட்டேங்குது. ஊரு வெளக்கெல்லாம் தெரிய ஆரம்பிக்கும், சக்கரத்தை எறக்குவேன், டப்புன்னு மொத்தமும் அணைஞ்சிடும். இருநூத்திப் பன்னெண்டு பயணிங்க சம்பந்தியம்மா! திங்கக்கெழமைலேர்ந்து வானத்துலயே நிக்கிறாங்க."

"சாப்பாடாவது குடுத்தீங்களா?"

"நீங்க சிரிங்க. பெட்டி உங்க பெட்டி."

பட்டன்காரம்மாவின் சிரிப்பு நின்றது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு, பாதிப் பிரதியில் மிஷினை விட்டுவிட்டு வந்து நின்றார். பத்தொன்பது வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கிய மனுஷன்.

"என் பெட்டி மேல பழி போடாதீங்க சம்பந்தி. உங்க வீட்டு பிளக்கா இருக்கும்."

கடை பிளக்கில் மாட்டினார்கள். சம்பந்தி ஸ்டூலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பயணிகளைப் பெல்ட் போட்டுக்கொள்ளச் சொல்லி, விமானத்தைக் கீழே கொண்டுவந்தார். ஜெராக்ஸ்காரர் தானும் பயணி என்பதுபோல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஓடுபாதை தெரிந்தது. டப். இருட்டு.

"போச்சு, இருநூத்திப் பதிமூணு," என்றார் ஜெராக்ஸ்காரர்.

பட்டன்காரம்மா பெட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். "உங்க பீமன் ஊரு வெளக்கையெல்லாம் வரையுறப்போ வயிறு முட்டத் தின்னா இருநூத்தி இருபது. பிராசசர் அறுபத்தஞ்சு, சில்லறை அம்பது. முன்னூத்தி முப்பத்தஞ்சு ஆச்சா? இங்க பாருங்க, பன்னெண்டு வோல்ட் ரெண்டு வரி குடுத்திருக்கான். இதுல பதினெட்டு டஜன், அதுல பதினெட்டு டஜன். முப்பத்தாறு டஜன், நானூத்தி முப்பத்திரெண்டு! இதுக்கு மேல என்ன அள்ளிப் போடணும்?"

சம்பந்தி சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். காகிதத்தின் மேல் அதை நகர்த்திக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நிறுத்தினார். முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஆனது.

"அடியில, அடைப்புக்குறிக்குள்ள, கடுகு எழுத்துல ஒண்ணு இருக்கு. படிக்கட்டுமா? 'இரண்டு வரிகளும் சேர்ந்து அதிகபட்சம் முந்நூறு வாட்.'"

கண்ணாடியைக் காகிதத்திலிருந்து எடுக்காமலே சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார்.

"சட்டைக்கு ரெண்டு வரிசை பட்டன் வச்சாலும், உள்ள இருக்குற ஒடம்பு ஒண்ணுதானே சம்பந்தியம்மா?"

பட்டன்காரம்மா கண்ணாடியை வாங்கித் தானே பார்த்தார். முந்நூறு. எழுத்து தகராறு என்றாலும் எண் அவருக்கு அத்துப்படி. காது மடல் சிவந்தது. ஜெராக்ஸ்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த நொடி, அவரை முந்திக்கொண்டு பட்டன்காரம்மா சிரித்தார். பெஞ்சைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வர, டப்பாவில் இருந்த திருகாணிகள் குதிக்கும்படி சிரித்தார்.

"என்னையே ஏமாத்திட்டான் பாருங்க, அடைப்புக்குறிக்குள்ள ஒளிஞ்சு! யாரால பிடிக்க முடிஞ்சது? என் சம்பந்தியால! ஊருல வேற எவனுக்காவது இப்படி ஒரு சம்பந்தி வாய்ச்சிருக்கா?"

மேல்தட்டிலிருந்து கனத்த பெட்டி ஒன்று இறங்கியது. பன்னிரண்டு வோல்ட் ஒரே வரி, நாற்பத்தைந்து ஆம்ப். இந்த முறை அடைப்புக்குறிக்குள்ளும் அதே ஐந்நூற்று நாற்பதுதானா என்று சம்பந்தி இரண்டு தடவை படித்துத் தலையாட்டிய பிறகே பட்டன்காரம்மா அதை மாட்டினார். விமானம் இறங்கியது. ஓடுபாதையில் இரண்டு குதி குதித்தது, ஆனாலும் நின்றது. ஜெராக்ஸ்காரர் தன்னை மறந்து கைதட்டினார்.

"பழசோட வெலைய இதுல கழிச்சுக்குங்க, மீதிய குடுத்துடறேன்," என்றார் சம்பந்தி.

"கழிக்கிறதா? கழிச்சா அன்னிக்கு வித்ததும் சரின்னு ஆயிடும். புதுசுக்கு அப்புறமா தனியா வாங்கிக்கிறேன். மொதல்ல பழசோட காசுக்குக் கைய நீட்டுங்க."

"சம்பந்திக்குள்ள என்னங்க இது..."

பட்டன்காரம்மாவே சம்பந்தியின் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை விரித்துவிட்டு, கல்லாவிலிருந்து நூறு ரூபாய்த் தாள்களை எடுத்தார். "ஒண்ணு!" என்றார். குரல் எதிர்வரிசைக் கடைகளுக்குப் போனது.

"மெதுவா எண்ணுங்க சம்பந்தியம்மா, ஆளுங்க பாக்குறாங்க."

"ரெண்டு!" இன்னும் உரக்க வந்தது. இருபதைத் தாண்டும்போது வாசலில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். அவர்களுக்கும் தெரியும்படி ஒவ்வொரு தாளையும் ஒரு தடவை உயர்த்திக் காட்டி, "முப்பத்திரெண்டு!" என்று கடைசித் தாளைச் சம்பந்தியின் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.