கண்ணை மூடிப் பாடிய தாசேவ்

எங்கள் வாஷிங்டன் எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடையில் தாசேவ் பாடும் நாட்களில் எனக்குச் சண்டை நிச்சயம். அஸ்மாரி பரம்பரையில் பிறந்த பாடகர் செய்யக்கூடாத இரண்டு காரியங்களை அவர் செய்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடுவார். சாப்பிட வந்தவர்கள் பாட்டு வரி கொடுத்தால் வாங்க மாட்டார்.

வாங்குவதுதானே அஸ்மாரியின் தொழில்! மனசில் கிடப்பதை ஒருவர் அவர் காதில் போட்டு, "வாங்கிக்கோ" என்பார். அஸ்மாரி அதை ஒரு சொல் மாற்றாமல் பாடி, கொடுத்தவர் பக்கம் திரும்பித் தலைவணங்க வேண்டும். காதலியிடம் சொல்ல முடியாததையும் மாமனாரிடம் கேட்க முடியாததையும் எங்கள் சனம் இப்படித்தான் தீர்த்துக்கொள்ளும்.

"உங்க பாட்டுக்காரர் ரொம்பத்தான் கிராக்கி பண்றாரு, ஸெனபெச் அக்கா" என்பான் டாக்சி ஓட்டும் பிர்ஹான். "பார்க்கிங்ல சீட்டுக் கிழிக்கிறவருக்கு இவ்வளவு திமிரா?"

"தின்ன வந்தியா, நாட்டாமை பண்ண வந்தியா?" என்று அவன் வாயை அடைப்பேன். அடுப்படியில் தாசேவையும் ஒரு பிடி பிடிப்பேன். அவர் பதில் பேச மாட்டார்.

பேசியது ஒரே ஒரு நாள்தான். ஊரில் ராணுவ ஆட்சி கவிழ்ந்த சமயம். தெருவே கூத்தாடியது. ஆளாளுக்கு விமான டிக்கெட் விசாரித்தார்கள்.

"நீங்க எப்பண்ணே கிளம்புறீங்க?" என்று கேட்டேன்.

"நான் போகமாட்டேன்மா" என்று ஆரம்பித்தவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

பஞ்ச காலத்தில் அடிஸ் அபாபாவில் ஒரு தேன்மதுக் கடையில் பாடிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் அக்லிலு அங்கே வாடிக்கைக்காரர். ஒரு ராத்திரி, தாசேவ் மசின்கோ என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை இழுத்தபடி மேசை மேசையாக வந்தபோது, வாத்தியார் உதடு அசையாமல் ஒரு வரி கொடுத்தார். வடக்கே பிணம் விழுகிறது, இங்கே விருந்துக்குத் தோரணம் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். தாசேவ் நடுக் கூடத்துக்குப் போய் அதைப் பாடினார். கடை உறைந்துவிட்டது. நேராக நின்றிருந்தால் அவரே கட்டிய வரி என்று போயிருக்கும். அடியும் அவரோடு போயிருக்கும். ஆனால் சிறு வயதிலிருந்து ஊறிய பழக்கம். மூலையில் இருந்த வாத்தியார் பக்கம் திரும்பித் தலைவணங்கிவிட்டார். கதவோரம் இருந்த ராணுவ உளவாளிகள் இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள்.

விடிவதற்குள் வாத்தியாரைக் கொண்டுபோனார்கள். பிணம்கூட வீட்டுக்கு வரவில்லை. தாசேவ் எல்லை தாண்டி சூடானுக்கு ஓடினார். கார்ட்டூமில் கல்யாண வீடுகளில் பாடிப் பிழைத்தார், பிறகு இங்கே வந்தார்.

"நான் வாயே திறக்கலம்மா. என் கழுத்துதான் காட்டிக் குடுத்துச்சு."

"அந்த வீட்டுல போய்ச் சொல்லிடுங்கண்ணே. தெரியாமத்தானே நடந்தது?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு?" என்றார். அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை. அவர் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

சில வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வைத்த இஞ்ஜெரா அப்பத்தைத் தொடவில்லை.

"அக்கா, அடிஸ்ல தேன்மதுக் கடையில பாடினவர் இவர்தானா?"

"நீ யாரும்மா?"

"எமெபெத். அக்லிலு வாத்தியார் பொண்ணு."

நான் தடுப்பதற்குள் அவள் தாசேவ் எதிரில் போய் நின்றாள். "வாங்கிக்கோங்க" என்றாள். அவர் கண்ணைத் திறக்காமல் தலையாட்டி மறுத்தார்.

"அக்லிலு வாத்தியார் குடுத்தப்ப வாங்கினீங்களே?"

கண் திறந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி அவள் வரி கொடுத்தாள். "எங்கப்பாவை அன்னைக்குக் காட்டிக் குடுத்தது யாரு?"

யார் தலையிலாவது போட்டுவிட்டுப் போயிருக்கலாம். செத்தவன் பேரைச் சொல்லியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? தாசேவ் அதை ஒரு சொல் மாற்றாமல் பாடினார். அவள் பக்கம் திரும்பி வணங்கினார். பிறகு, "இப்படித்தான் மகளே உன் அப்பனுக்கும் வணங்கினேன், பார்க்கக் கூடாதவர்கள் பார்த்தார்கள்" என்று தன் வரியைப் பாடினார். பிர்ஹான்கூட எடுத்த கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அப்ப ஷிமெலிஸ் மாமா இல்லையா?"

யாருக்கும் விளங்கவில்லை. அவளே சொன்னாள். "எங்கம்மாவோட தம்பி. அன்னைக்கு அப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு. அவரு மட்டும் முழுசா வீடு திரும்பினாரு. அவர்தான் காட்டிக் குடுத்தார்னு அம்மா வாசப்படி ஏற விடல. போன வருஷம் செத்துட்டாரு. அடக்கத்துக்கு அம்மா போகல. என்னையும் விடல."

கடையில் யாரோ "ஐயோ" என்றார்கள். எங்களில் பகையாளிகூட அடக்கத்துக்குப் போவான். எனக்கு தாசேவ் மேல் முதல் தடவையாக நிஜமான கோபம் வந்தது. ஆட்சி மாறியபோதே போயிருந்தால் அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே பழி நீங்கியிருக்கும்.

தாசேவ் மசின்கோவைக் கீழே வைத்தார். "நான் ஊருக்கு வர்றேன்மா. உங்கம்மா காலைப் பிடிச்சுச் சொல்லிடறேன்."

"வேணாம்" என்றாள் எமெபெத். "தம்பி மேல தப்பில்லன்னு இப்பத் தெரிஞ்சா அம்மா தாங்கமாட்டாங்க. அவங்க இது தெரியாமலே போய்ச் சேரட்டும். நீங்க ஊருக்கு வரக்கூடாது."

"சரிம்மா" என்றார் தாசேவ்.