குளத்தில் இறங்கிய சங்கம்

சிதம்பரத்தில் எங்கள் சேவைச் சங்கத்துக்கு நான் தலைவியானபோது, முதன்முறையாக ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைத் தவிர வேறு புதுமை எதையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கோடையில் தண்ணீர்ப் பந்தல், பள்ளிக்கூடம் திறந்ததும் நோட்டுப் புத்தகம், நடுவில் ஒரு கண் சிகிச்சை முகாம், மழைக்காலத்தில் வெள்ள நிவாரணம். எல்லாவற்றுக்கும் பேனர் தயாராக இருந்தது. வருஷத்தை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி மாற்றிக்கொள்வோம்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருப்பவள். காலையெல்லாம் ஊசியும் ட்யூபுமாகக் கழியும். மாதம் ஒருநாள் சாயங்காலம் ஓட்டல் மாடியில் நடக்கும் சங்கக் கூட்டத்துக்குப் போய், தீர்மானத்தை வழிமொழிந்து, பஜ்ஜி தின்றுவிட்டு வருவேன். தலைவியானபின் பஜ்ஜிக்கு முன்னால் பத்து நிமிஷம் பேச வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மழைக்காலத்தில் கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறியது. குமராட்சிக்கு அப்பால் கரையோரத்தில் இருந்தவர்களைப் படகில் ஏற்றி வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். நாங்கள் வேனில் போர்வையும் ரொட்டியும் பால் பவுடரும் எடுத்துக்கொண்டு போனோம். வரிசையாகக் கொடுத்தோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது, வழக்கமாகக் கேட்பதுபோல, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். வழக்கமாக யாரும் பதில் சொல்வதில்லை. அன்றைக்கு ஒரு பெண் சொன்னார். நாற்பது வயதுக்குள் இருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எட்டாவது படிக்கும் மகள் அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"போர்வை போன வெள்ளத்துக்குக் குடுத்ததே நல்லாத்தான் இருக்கு மேடம். எங்க பொம்பளப் புள்ளைங்களுக்கு நீச்சல் கத்துக் குடுப்பீங்களா?"

அவரே விளக்கினார். அவர் ஊரில் பையன்கள் ஏழெட்டு வயதிலேயே மதகிலிருந்து வாய்க்காலில் குதித்துக் குதித்துத் தானாகக் கற்றுக்கொள்கிறார்கள். பெண்பிள்ளைகள் துணி துவைக்கும் படியைத் தாண்டக் கூடாது. வயதுக்கு வந்துவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் திடீரென்று தண்ணீர் வரும்போது, கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பது அந்தப் பெண்பிள்ளைகள்தான். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. மளிகைச் சாமான் சொல்வதுபோல் சொன்னார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன்.

அடுத்த கூட்டத்தில் விஷயத்தை வைத்தேன். முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார் ஒருவர். என்ன உடுப்புப் போடுவார்கள், யார் அனுப்புவார்கள் என்றார் இன்னொருவர். நோட்டுப் புத்தகம் கொடுத்தால் பிரச்சனையே இல்லையே என்று பொருளாளர் ஏக்கமாகச் சொன்னார். கடைசியில் எல்லாரும் அரிசி ஆலைக்காரரைப் பார்த்தார்கள். புவனகிரியில் ஆலை வைத்திருப்பவர், எனக்கு முந்தைய தலைவர், அறுபதைத் தாண்டியவர். சங்கத்தில் எது நடந்தாலும் அவர் தலையசைத்தால்தான் நடக்கும்.

"செய்யும்மா," என்றார் அவர். "ஆனா நல்லபடியா முடியிற வரைக்கும் சங்கத்துப் பேர்ல பேனர் மட்டும் கட்ட வேணாம்."

நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கே நீச்சல் தெரியாது. கடலூர்க் கடற்கரைக்குப் போனால்கூட கணுக்கால் நனைந்தவுடன் திரும்பிவிடுகிற ஆள் நான். என் வீட்டுக்காரரிடம், "மாமா, எனக்கே தெரியாத ஒண்ணை நான் எப்பிடி நடத்துறது?" என்று கேட்டேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கண் முகாம் நடத்துனியே, நீ என்ன கண் டாக்டரா?" என்றார்.

கற்றுக்கொடுக்க ஆள் என் பரிசோதனை நிலையத்துக்கே வந்தார். கீரப்பாளையம் பக்கம் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஹீமோகுளோபின் பார்க்க வந்தவர், கையை நீட்டிக்கொண்டே, கல்லூரியில் படிக்கும்போது நீச்சல் போட்டிகளுக்குப் போனதைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னார். ஊசியை எடுப்பதற்குள் நான் கேட்டுவிட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவும் கரையில் நிற்க வேண்டும். நின்றால்தான் தண்ணீரில் இறங்குவேன் என்றார்.

மே மாதம், பள்ளி விடுமுறையில் ஆரம்பித்தோம். நீச்சல் கேட்ட அந்த அம்மாவின் ஊர்க் குளத்தில் கோடையில் நடுவில்கூட மார்பளவுதான் தண்ணீர் நிற்கும். கற்றுக்கொள்ள அது தோதாக இருந்தது. ஊராட்சித் தலைவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆசிரியை தன்னோடு நீச்சல் பழகிய தோழிகள் இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிவந்தார். எண்ணெய் கேன்களைக் கழுவி, மூடியை இறுக்கி, கயிறு கட்டி வைத்திருந்தோம். ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் இரண்டு கேன். முதல் நாள் எல்லாரும் துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு வந்தார்கள். ஆசிரியை அத்தனையையும் வேப்பமரத்துக் கிளையில் தொங்கவிடச் செய்தார். குளத்தங்கரையில் பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்க்க நாலைந்து பையன்கள் வந்தார்கள். அம்மாக்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி அவர்களைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பையன்களுக்கு வேறு எங்கோ அவசர வேலை வந்துவிட்டது.

என்னிடம் கேட்ட அந்த அம்மாவின் மகளுக்குத்தான் எல்லாரையும்விட பயம் ஜாஸ்தி. மற்ற பிள்ளைகள் முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விட்டு விளையாடத் தொடங்கிய பிறகும் அவள் கழுத்தை நீட்டிக்கொண்டு அழுதாள். ஒருநாள் அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டார். சேலை காலைச் சுற்றும், வெளியே போங்கள் என்று ஆசிரியை அதட்டினார். மறுநாள் புருஷனின் சட்டையும் மகளின் பேண்ட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கரையில் ஒரே சிரிப்பு. அவரும் சிரித்தார். ஆனால் இறங்கும்போது என் பக்கம் திரும்பிச் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

"ஒவ்வொரு வெள்ளத்துக்கும் படகுல கண்ண மூடிக்கிட்டே உக்காந்து வந்திருக்கேன் மேடம். எனக்கே வெக்கமா இருக்கு."

அம்மா மூழ்கி எழுவதைப் பார்த்து மகளும் முகத்தை வைத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, யார் அதிக நேரம் மூச்சைப் பிடிப்பது என்று போட்டி போட்டார்கள். அந்த வாரத்திலேயே இன்னும் ஏழெட்டு அம்மாக்கள் இறங்கிவிட்டார்கள். குளம் நிறைய ஆண்பிள்ளைச் சட்டைகள். அதன் பிறகு ஒருநாள் தண்ணீரிலிருந்து யாரோ, தலைவர் மட்டும் குடையோட நிக்கிறாங்களே என்றார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

சென்னைக்கு வேலைக்குப் போன என் மகள் வீட்டில் விட்டுப்போன சுடிதார் ஒன்று இருந்தது. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு போனேன். படியிலிருந்து காலை வைத்ததும் சேறு விரல் இடுக்கில் ஏறியது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. ஆசிரியை என் முதுகுக்கடியில் கையை வைத்து, மல்லாந்து படுங்க, வானத்தைப் பாருங்க என்றார். காதுக்குள் தண்ணீர் போனதும் கரைச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. என் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு கொக்கு மேலே போனது. கையை எடுத்துவிடாதீர்கள் என்று ஆசிரியையிடம் கெஞ்சினேன். கையை எப்போதோ எடுத்தாயிற்று என்றார் அவர். ஐம்பது வயதில், ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல், நான் தண்ணீர்மேல் கிடந்தேன். எழுந்து நின்றபோது சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. முகம் முழுக்கத் தண்ணீர்.

மாதக் கடைசியில் குளத்தைக் கடக்கும் நாள் வைத்தோம். கேன் கிடையாது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. அதற்குள் ஊருக்கு ஊர் செய்தி பரவி, அப்பாக்கள், மாமாக்கள், தாத்தாக்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. லாரி ட்யூபோடு ஆசிரியையின் தோழிகள் இரண்டு பக்கமும் நீந்தி வந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். அழுதுகொண்டிருந்த அந்த மகள் நாலாவதாக இறங்கி, ஒருமுறைகூட நிற்காமல் போய்ச் சேர்ந்தாள். அவள் அப்பா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரையைச் சுற்றி ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் அவள் படியில் உட்கார்ந்து தலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அம்மாக்களும் கடந்தார்கள். நானும் கிளம்பினேன், ஆனால் பாதியில் காலை ஊன்றிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், எதிர்க் கரையில் இரண்டு பனைமரத்துக்கு நடுவில் அரிசி ஆலைக்காரர் ஏணியில் நிற்கிறார். சங்கத்தின் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அது பாதி வெற்றிதான் என்று எனக்கு மட்டும் தெரியும். பாதியில் நின்றவள் நான் அல்லவா. அதனால் ஆசிரியை ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சியைத் தொடர்ந்தபோது நானும் விடாமல் போனேன். கடலூரில் இருக்கும் எங்கள் சகோதரச் சங்கம் பெண்களுக்கு மட்டும் ஒரு நீச்சல் போட்டி வைத்து எங்களையும் கூப்பிட்டது. ஆசிரியை எங்கள் எல்லார் பெயரையும் கொடுத்துவிட்டார், என் பெயர் உட்பட. எனக்கு வேன் ஏறும்போதுதான் சொன்னார்.

கடலூரில் இருந்தது நிஜமான நீச்சல் குளம். நீல டைல்ஸ், ப்ளீச்சிங் பவுடர் வாடை, கோடு கோடாகக் கயிறு. அந்த ஊர்ப் பிள்ளைகள் ரப்பர் தொப்பியும் கண்ணாடியும் போட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் டீ சர்ட்டும் லெக்கின்ஸும். எங்கள் பிள்ளைகளுக்கு அதெல்லாம் கூச்சமாக இல்லை. அவர்கள் பயந்தது வேறு ஒன்றுக்கு. எட்டிப் பார்த்தால் அடி தெரிந்தது. கலங்கிய தண்ணீரில் பழகியவர்களுக்கு, எவ்வளவு ஆழம் என்று கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடியப் பாக்காத. எதிர்ச் சொவத்தப் பாரு," என்றார் அம்மா. அவள் அப்படியே பார்த்துக்கொண்டு நீந்தி, பள்ளிப் பிள்ளைகளில் மூன்றாவதாக வந்தாள். எங்கள் வேனில் வந்த கூட்டம் போட்ட சத்தத்தில் விசில் ஊதுகிறவரே ஊத மறந்துவிட்டார்.

பிறகு பெரியவர்களுக்கான போட்டி. ஒரே நீளம்தான், போய்ச் சுவரைத் தொட வேண்டும். கடலூர்ப் பெண்கள் நாலு பேர், உடம்பு இளைக்க வேண்டும் என்று தினமும் அங்கே வருகிறவர்கள். எங்கள் பக்கம் அந்த அம்மாவும் நானும். விசில் ஊதியதும் நான் குதிக்கவில்லை, ஏணிப்படியைப் பிடித்து இறங்கித்தான் ஆரம்பித்தேன். அந்த அம்மா தலையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரை வயலில் நாற்றுக்கட்டு வீசுவதுபோல் வீசி வீசிப் போனார். அழகு கிடையாது, ஆனால் நேராகப் போனார். பாதியிலேயே முன்னால் போய்விட்டார். அவர் சுவரைத் தொட்டது எனக்குத் தெரியாது, கரையில் எழுந்த சத்தம்தான் சொன்னது.

நான் அப்போது குளத்தின் நடுவில் இருந்தேன். அங்கே காலை ஊன்ற முடியாது. கைகள் கனத்தன. மூக்கில் தண்ணீர் ஏறியது. மற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. பிடிக்கவில்லை. மல்லாந்து படுத்துக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி புரண்டு போனேன். முதலாவதாக வந்த அந்த அம்மா இன்னும் மேலே ஏறாமல் சுவரோரம் எனக்காக நின்று கையை நீட்டினார். "வாங்கக்கா, புடிங்க," என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னை மேடம் என்று கூப்பிடவில்லை. சுவரைத் தொட்ட பிறகுதான் அவர் கையைப் பிடித்தேன். கடைசியாக வந்தவளுக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்து நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் துண்டை விரித்துக்கொண்டு நின்றார். வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்கிறவர், அன்றைக்கு என் தலையைத் துவட்டிவிட்டார்.

அந்த வருஷம் முடிவதற்குள் சங்கத்தில் இன்னொன்றும் நடந்தது. உறுப்பினர் என்றால் அதுவரை கடைக்காரர்கள், டாக்டர்கள், வக்கீல்கள்தான். நடவு நடுகிற ஒருவரின் பெயர் சங்கத்தில் வந்ததே இல்லை. அரிசி ஆலைக்காரர் எழுந்து அந்த அம்மாவின் பெயரை முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. பொருளாளரின் கை கடைசியாக எழுந்தாலும் நன்றாகவே உயர எழுந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா மினி பஸ் பிடித்து வந்தார். இஸ்திரி போட்ட சேலை. நாற்காலி நுனியில் உட்காராமல், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து, வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நான் கேட்டேன். அவர் எழுந்தார்.

"வெள்ள முகாம்ல தங்குறப்போ நாங்களும் நனைஞ்சுதான் வர்றோம், ஆம்பளைங்களும் நனைஞ்சுதான் வர்றாங்க. அடுப்புக்கிட்ட மட்டும் நாங்கதான் நிக்கிறோம். இந்த வருஷம் ஆம்பளைங்களுக்குச் சமைக்கக் கத்துக் குடுக்கலாமா?"

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள், ஏனென்றால் அவர் உட்காரவில்லை. எல்லாரும் பழக்கத்தில் அரிசி ஆலைக்காரரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"எந்த ஊர்லேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார்.