காமினிக்கு வந்த பந்து

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரு பிரிவையே கட்டி மேய்க்கிற சூப்பர்வைசர் காமினி. ஞாயிறு காலை ஜெலுத்தோங் மண்டபத்துக்கு மட்டையால் பந்தை வலை தாண்டி அடிக்கும் பிக்கல்பால் ஆட வந்தால் மட்டும், ஒரு பந்தைத் தொடத் தவம் கிடக்க வேண்டியிருந்தது. எல்லாம் அவளுக்கு ஜோடியாக நின்ற கணவர் குணாளனால்.

குணாளன் பள்ளி நாளில் பூப்பந்து ஆடியவர். அந்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை. இரட்டையர் ஆட்டத்தில் ஜோடியின் பந்தைக் குறுக்கே பாய்ந்து அடிப்பது உண்டுதான். பாய்கிறவர் குரல் கொடுத்தால், மற்றவர் காலியான இடத்துக்கு ஓடிவிடுவார். இவர் குரலும் கொடுக்க மாட்டார், பந்தையும் விட மாட்டார். இவர் விட்டுவந்த இடத்தில் எதிராளி பந்தைப் போட்டால், "அங்க ஓடியிருக்கலாம்ல?" என்று எல்லார் முன்னிலும் அவளைக் கேட்பார். இது எந்த ஊர் நியாயமோ.

அந்த ஞாயிறு, ஆட்டம் தொடங்குமுன்பே காமினி சொல்லிவிட்டாள்.

"என்னங்க, என் பக்கம் வர்ற பந்து எனக்கு. இன்னிக்கும் புடுங்குனீங்கன்னா நான் வெளிய போயிருவேன்."

"சரி லா," என்றார் குணாளன், காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே.

வெற்றிக்கு இரண்டு புள்ளிதான் பாக்கி. பந்து நிதானமாகக் காமினியிடம் வந்தது. அவள் மட்டையை ஓங்கினாள். குணாளன் குறுக்கே பாய்ந்து அடித்தார். புள்ளி கிடைத்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

காமினி கோட்டைத் தாண்டி வெளியே நடந்தாள்.

"ஏய், இன்னும் ஒரு பாயிண்ட்தான். ஜெயிக்கப் போறோம்."

"நீங்கதான் ஜெயிக்கப் போறீங்க. தனியாவே ஆடுங்க."

மண்டபமே பார்த்தது. பார்க்கட்டும். பக்கத்து ஆடுகளத்தில் ஜோடி கிடைக்காமல் நின்ற ஹஸ்ருலோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். அந்த மலாய்க்காரர் அவளை 'காக்' என்று அக்கா முறையில் கூப்பிட்டு, அவளுக்கு வந்த பந்தையெல்லாம் அவளுக்கே விட்டார். பாதியை வலையில் அடித்தாள், மீதியில் பாதியை வெளியே அனுப்பினாள். ஒருமுறை "சாயா, சாயா" என்று கத்திக்கொண்டு அவர் பக்கம் பாய்ந்தாள். நான் எடுக்கிறேன் என்று அவள் மலாயில் சொன்னதுமே ஹஸ்ருல் அவள் இடத்துக்கு ஓடி நின்றார். அந்தப் புள்ளி அவர்களுடையது. ஆட்டம் எதிராளிகளுடையது.

வாசலில் குணாளன் காத்திருந்தார்.

"பாத்தியா, தோத்துட்ட."

"ஆமாங்க. என் கையால தோத்தேன். அடுத்த வாரமும் வந்து தோப்பேன்."