மெகராஜ் பேகம் மடிக்காத தாள்கள்

கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மதார் சாகிபு டீக்கடை வைத்திருந்தார். கடையில் விற்கும் பருப்பு வடையும் கடலையும் வீட்டில் அவர் மனைவி மெகராஜ் பேகத்தின் கைப்பக்குவம். அந்த அம்மா மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால், மாலை அசருக்குப் பாங்கு சொல்வதற்குள் மறுநாளைக்கு வேண்டிய பொட்டலத் தாள்களைக் கூம்பாகச் சுருட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்துவிடுவார்.

எந்தத் தாளையும் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுருட்டமாட்டார். அரபு எழுத்தில் மலாய் அச்சிட்ட ஜாவிப் பத்திரிகை, பள்ளிவாசல் நோட்டீஸ், பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 என்று தலைப்பில் போட்ட கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் சரி, ஆண்டவன் பெயர் உள்ள தாளில் வடையின் எண்ணெய் படக்கூடாது. அவையெல்லாம் அலமாரி மேலிருக்கும் பிஸ்கட் டின்னுக்குப் போகும். டின் நிறைந்தால் மதார் சாகிபு அதைக் கொண்டுபோய் ஆற்றில் விடவேண்டும். ஓடுகிற தண்ணீரில் விடுவதுதான் மரியாதை. டின் நிறைந்து வெகுநாளாயிற்று. வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்பார் மதார் சாகிபு. வெள்ளிக்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருந்தன.

அவர்கள் மகன் சேக் பரீது கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் படித்தான். எண்பதுகளின் நடுவில் அப்படி ஒரு ஏற்பாடு வந்திருந்தது. இங்கே இரண்டு வருஷம் படித்தால், படித்த பாடங்களை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அங்கே இன்னும் இரண்டே வருஷத்தில் பட்டம். அவனுக்கு முதன்மைப் பாடம் கணக்கியல், துணைப்பாடம் கம்ப்யூட்டர். மதார் சாகிபு சம்மதித்தது துணைப்பாடத்துக்காகத்தான்.

"கணக்கு படிக்க அமெரிக்கா எதுக்கு? என் கல்லாவுல உக்காந்தா போதும். கம்ப்யூட்டர் உண்டுன்னா போ, இல்லேன்னா நாளைக்கே கடைக்கு வா" என்று கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

இங்கே படிப்பு முடிந்து பரீது வீட்டுக்கு வந்திருந்தபோது அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. மற்றப் பாடங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று கம்ப்யூட்டர் பாடங்களை மட்டும் நிறுத்தி வைத்து, என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். பரீது கல்லூரிக்குப் போய் விசாரித்தான். பாடத்திட்டம் ஆசிரியரின் தலையில் இருந்ததாம். தலை இப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்தது. அப்படியானால் மாணவன் எழுதிய நிரல்களையாவது அனுப்பட்டும் என்று அமெரிக்கா இரக்கப்பட்டது. நிரல் என்றால் கம்ப்யூட்டருக்கு வரிசையாக எழுதிக்கொடுக்கும் கட்டளை. பரீது அவற்றை அச்சடித்து, ஒரு பெட்டி நிறைய வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தான். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான். பெட்டி காலி.

"உம்மா, இதுல இருந்த தாளு?"

"வடை மடிச்சாச்சுலா. முடிஞ்ச பாடம்னு நீதானே சொன்னே. நல்ல கெட்டித் தாளு, எண்ணெயே ஊறல."

பரீது கட்டில்மேல் உட்கார்ந்தவன் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. மதார் சாகிபு கோபப்படவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கல்லாவில் பையன் இருப்பான் என்று கடையில் எல்லாரிடமும் சொல்லி வைத்தார். மெகராஜ் பேகமோ, பெற்ற பிள்ளையின் படிப்பைத் தன் கையாலேயே கூம்பு சுருட்டி விற்றுவிட்டோமே என்று ஒவ்வொரு தொழுகையிலும் அழுதார்.

வெள்ளிக்கிழமை, பழக்கப்படி தாள் சுருட்ட உட்கார்ந்தபோது ஒரு ஜாவிப் பத்திரிகை கைக்கு வந்தது. எடுத்துவைக்க எழுந்தவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. டின் நிறையக் காரணமே ஓரத்தில் துளை துளையாக இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் தாள்கள்தானே! பரீது எதை எழுதத் தொடங்கினாலும் மேலே 786 போடுவான். அது உம்மா பழக்கிய பழக்கம். கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகும்படி ஒரு வரி எழுதலாமாம். ஒவ்வொரு நிரலுக்கும் அதையே முதல் வரியாக வைத்திருந்தான். அந்த எண் இருந்த தாளையெல்லாம் அவர் தனியாகக் கிழித்தெடுத்து டின்னில் போட்டிருந்தார்.

அண்ணாந்து பார்த்தார். அலமாரி மேல் டின் இல்லை.

இத்தனை நாள் அசையாத மதார் சாகிபு, வீட்டில் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்து, ஒரு நல்ல காரியமாவது செய்வோமென்று அன்றைக்குப் பார்த்து ஜும்ஆ தொழுகை முடிந்ததும் டின்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். மெகராஜ் பேகம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார். கடைத்தெருவில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

படகுத்துறையில் மதார் சாகிபு ஒரு மீன்காரரிடம் கெம்போங் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்தபாடில்லை. டின் மூடியோடு பக்கத்தில் இருந்தது.

"இந்தாங்க, இவ்வளவு நாள் தள்ளிப் போட்டீங்க. இன்னும் ஒருநாள் தள்ளிப் போடுங்க" என்றார் மெகராஜ் பேகம், மூச்சு வாங்க.

வீட்டுக்கு வந்து டின்னைக் கவிழ்த்தார்கள். முதலிரண்டு பாடங்களின் நிரல்கள் சின்னச் சின்னவை; ஒவ்வொன்றும் ஒரு தாளுக்குள் அடங்கி, முழுசாக இருந்தன. மூன்றாவது பாடத்தில் ஒன்றுகூட இல்லை. அதை ஒரு சிநேகிதனோடு சேர்ந்து செய்ததாகவும், தட்டச்சு செய்தது அவன்தான் என்றும் பரீது சொன்னான். அவன் 786 போடுகிற வீட்டுப் பிள்ளையில்லை.

இருந்ததை அனுப்பினார்கள். பதில் வர நோன்பு மாதம் ஆகிவிட்டது. இரண்டு பாடங்களைச் சேர்த்துக்கொண்டார்கள்; மூன்றாவதை அங்கே வந்து படிக்கவேண்டும், இரண்டு வருஷத்துக்குள் முடித்துவிடலாம், துணைப்பாடம் உண்டு. 786 எதற்கு என்று அந்தப் பேராசிரியர் கடைசியில் கேட்டிருந்தார். என்ன எழுதுவது என்று பரீது உம்மாவிடம் கேட்டான்.

"ஆண்டவன் பேரச் சொல்லித்தான் ஆரம்பிப்போம்னு எழுது. வேறென்ன இருக்கு?"

மதார் சாகிபு கடிதத்தை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கல்லாவுக்கு வேறு ஆள் பார்க்கவேண்டும் என்றார். பயணத்துக்குச் சம்மதம் என்று வீட்டில் அதற்கு அர்த்தம்.

சேதி கேட்டு, தினமும் வடை வாங்கும், எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் புஷ்பவள்ளி வந்தாள். "அப்ப மூணாவது பாடத்த எங்க லயத்துலதான் தின்னு தீத்துட்டோமா, பாயம்மா?" என்றாள். மெகராஜ் பேகம் அவளுக்கு இரண்டு வடை கூடுதலாக வைத்துக் கொடுத்தார். அன்றைக்கு வாழையிலையில்.

பரீது விமானம் ஏறிப் போன பிறகும் டின் அலமாரி மேலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றார் மதார் சாகிபு. மெகராஜ் பேகம் அவசரப்படுத்தவில்லை.